நான்கு வீழ்ச்சிகளும் இரண்டு மில்லியம்பியரும்

அடிக்கடி விழுந்த முதிய அம்மா ஒருவருக்குத் தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்த்த கதை இது. அந்த அம்மாவும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் தவறுகளை மட்டும் மாற்றவில்லை. நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), இலங்கையின் மலையகத்து நகரமொன்றில் தனியார் மறுவாழ்வு அறையில் வேலை செய்கிறேன். நரம்பியல் மறுவாழ்வு மருத்துவர் ஒருவர் இரண்டு கிழமைக்கு (வாரத்துக்கு) ஒரு முறை அங்கே வருவார்.

பின்னணி

அம்மாவுக்கு அப்போது 71 வயது. தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகும் பாதையில் உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பதினாறு வயதில் பேர் பதிந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். கணவர் இறந்துவிட்டார். மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார். லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) மருமகளோடும் உயர்தரம் படிக்கும் பேரனோடும் இருக்கிறார். மருமகளும் கொழுந்துக்குத்தான் போகிறார். பிரஷரும் சீனி வருத்தமும் பல ஆண்டுகளாக உண்டு. மாதம் ஒரு முறை அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார்.

ஐந்து மாதத்தில் அவர் நான்கு முறை விழுந்திருந்தார். மூன்றாவது முறை இடது மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை பிளாஸ்டர் போட்டிருந்தார்கள். அதே காலத்தில் மறதியும் கூடியிருந்தது. அடுப்பில் பானையை வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பீலிக்குப் போய்விடுகிறார், பேரனின் பெயருக்குப் பதிலாக மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று மருமகள் சொன்னார். பெயர் மாறுவது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் தாயாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பானை விஷயம் வேறு.

மகன் எங்களிடம் வந்தது ஒரு குறிப்பிட்ட கோரிக்கையோடு. தலையில் பட்டி ஒன்றை மாட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தினால் முதியவர்களின் நடையும் நினைவும் சீராகும் என்று கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்திருக்கிறார். எங்கள் மருத்துவரிடம் அப்படியொரு கருவி இருப்பதும் யார் மூலமாகவோ அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்காக இரண்டு கிழமை லீவு எடுக்க முடியும் என்றார். "அதைச் செய்து பார்க்க முடியுமா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அம்மா அருகிலேயே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சந்திப்பில் கண்டவை

நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து உட்கார அவருக்கு 19 விநாடி பிடித்தது. இந்தச் சோதனையில் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டென்று எடுத்துக்கொள்வது வழக்கம். திரும்பும் இடத்தில் நான்கைந்து குட்டி அடி வைத்தார். கால் பெருவிரலில் 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையை வைத்தபோது அதிர்வு தெரியவில்லை என்றார். கணுக்காலில் கொஞ்சம் தெரிந்தது. தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்த காலம் நீண்டது என்பதால் கழுத்தில் தண்டுவடம் அழுந்தியிருக்குமோ என்று மருத்துவர் தனியாகப் பார்த்தார். அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. வலது கண்ணில் கண்புரை.

அடுத்து, பேசிக்கொண்டே நடக்கும் சோதனை. முதியவர் ஒருவர் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறாரா என்று கவனியுங்கள் என்பது 1997இல் சுவீடனிலிருந்து வந்த எளிய கண்டுபிடிப்பு. முதியோர் இல்லத்தில் அப்படி நின்றுவிட்ட 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒரே கவனத்தைப் பங்கு போடுகின்றன. பங்கு போதாதபோது ஏதோ ஒன்று நிற்கிறது. நிற்காமல் தொடர்ந்தால் கால் தடுக்குகிறது.

வழக்கமாக நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்வோம். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவரிடம் அதைக் கேட்டால் அளக்கப்படுவது கவனம் அல்ல, கணக்கு. ஆகவே லயத்தின் முதல் காம்பராவிலிருந்து வரிசையாக யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னேன். 31 விநாடி ஆனது. இரண்டு இடத்தில் நின்றுவிட்டார். சோதனையை உள்ளூர்ப்படுத்திவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அது எவ்வளவு பிழையான சோதனை என்பது பிறகுதான் தெரிந்தது.

நினைவாற்றலுக்கு மொன்ட்ரியல் அறிதிறன் மதிப்பீட்டின் தமிழ் வடிவத்தைச் செய்தோம். 30க்கு 17. 26க்குக் குறைந்தால் யோசிக்க வேண்டும் என்பது பொது வரம்பு. ஆனால் அதில் கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும், கடிகாரம் வரைய வேண்டும், காண்டாமிருகத்தின் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். பென்சில் பிடித்து ஐம்பது ஆண்டு கடந்தவருக்கு இது நியாயமான தராசு அல்ல. படிப்புக் குறைந்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளும் விதி இந்த இடைவெளியை நிரப்பாது. கடைசியாக வேலைக்குப் போன கிழமையில் ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ எடுத்தார் என்று அதே அம்மா எனக்கு ஒப்பித்தார். மறதிநோய் என்று எழுதுவதில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பது என்று மருத்துவரும் நானும் முடிவு செய்தோம்.

வீட்டுக்குப் போனபோது

இங்கே நேரம் எடுத்துச் சொல்கிறேன். இந்த நிகழ்வில் எங்களுக்குக் கிடைத்த பெரும்பாலான விடைகள் அந்த ஒரு பிற்பகலில் கிடைத்தவை.

பஸ் நிறுத்தத்திலிருந்து லயத்துக்கு ஏறும் குறுக்குப் பாதையில் படிகள் உண்டு. மண்ணில் பதித்த கல். ஒன்று அரை அடி உயரம், அடுத்தது ஒரு அடி. தென்மேல் பருவ மழை தொடங்கியிருந்ததால் கல்லெல்லாம் பாசி பிடித்திருந்தது. கைப்பிடி கிடையாது. மலசலகூடம் லயத்துக்குப் பின்னால், ஆறு படி கீழே. அம்மாவின் ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிப் பக்கம் கண்ணாடிபோல் தேய்ந்திருந்தது.

மருமகள் காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) போய்விடுவதால் அவரிடம் அதுவரை நான் தனியாகப் பேசியதில்லை. அன்று அவர் வேலை முடிந்து வரும்வரை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) காத்திருந்தேன். எங்கே விழுந்தார் என்று எல்லோரும் கேட்டிருந்தோம். எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்கவில்லை. மூன்று வீழ்ச்சிகள் விடியற்காலை நான்குக்கும் ஐந்துக்கும் இடையில், படுக்கையை விட்டு எழுந்து வெளியே போகும்போது. நான்காவது மட்டும் பகலில்: தபாலகத்துக்குப் போகும் வழியில், மேல் லயத்துப் பெண் ஒருவர் "எங்கே அத்தை போகிறீர்கள்?" என்று கேட்க, திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்திருக்கிறார்.

அவ்வளவுதான் விஷயம். இவை ஒரே நோயின் நான்கு வெளிப்பாடுகள் அல்ல; இரண்டு வெவ்வேறு காரணங்கள். நாங்களோ நான்கையும் ஒரே பையில் போட்டு 'சமநிலைக் குறைபாடு' என்று எழுதி வைத்திருந்தோம்.

அங்கேயே அவரைப் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தேன்: 138/80. எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் 112/70. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இவருக்கு 26 இறங்கியிருந்தது. மாத்திரைப் பெட்டியைக் காட்டச் சொன்னேன். கிளினிக் மருந்துகளோடு சின்ன மஞ்சள் மாத்திரை அட்டை ஒன்றும் இருந்தது. தடிமனுக்கு (சளிக்கு) வாங்கிய குளோர்பெனிரமின். அதைப் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று எட்டு மாதமாக இரவில் இரண்டு போட்டு வந்திருக்கிறார், கடையில் வாங்கி. தூக்கம் தரும் அதே குணம் முதியவர்களின் நினைவைக் கலக்கும், எழுந்து நிற்கும்போது தள்ளாடவும் வைக்கும். கிளினிக் கொப்பியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்கவும் வழியில்லை, அது கிளினிக் கொடுத்த மருந்தல்ல. கொப்பி முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால், எது எதற்கான மாத்திரை என்று வீட்டில் படித்துப் பார்த்தவன் பேரன் மட்டும்தான். அவனிடம் யாரும் கேட்டதில்லை.

இன்னொன்று: சீனிக்காகப் பதினொரு ஆண்டாக மெட்போமின் எடுக்கிறார். அது நீண்ட காலத்தில் பி12 விற்றமின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பி12 குறைந்தால் காலில் அதிர்வுணர்வும் போகும், நினைவும் மங்கும். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். குறைவாகத்தான் இருந்தது.

புறப்படும்போது அம்மாவிடம், "உங்களுக்கு எது முடிந்தால் போதும்?" என்று கேட்டேன். முதியோர் கொடுப்பனவுப் பணத்தைத் தபாலகத்துக்குத் தாமே போய் எடுக்க வேண்டும் என்றார். பிறர் கையால் வரும் பணம் வழியில் இளைத்துப்போகிறது என்பது அவர் கருத்து. மருமகள் அதைக் கேட்டுச் சிரித்தார், மகன் சிரிக்கவில்லை.

தூண்டலைப் பற்றி

இந்த முறைக்கு டிடிசிஎஸ் (tDCS, தலைக்கு வெளியிலிருந்து நேரோட்டத்தால் மூளையைத் தூண்டுதல்) என்று பெயர். உப்புநீரில் நனைத்த பஞ்சு உறைகளுக்குள் இரண்டு மின்வாய்களை வைத்துத் தலையில் கட்டி, 1 முதல் 2 மில்லியம்பியர் நேரோட்டத்தை ஏறத்தாழ 20 நிமிடம் செலுத்துவார்கள். எங்களிடம் இருந்த கருவி ஒன்பது வோல்ட் பற்றரியில் ஓடுவது. ஓட்டத்தில் பெரும்பகுதி தோலிலேயே சுற்றிப் போய்விடும். ஒரு பகுதிதான் மூளையை எட்டும். அது நரம்புக் கலத்தைச் சமிக்ஞை எழுப்பும்படி கட்டாயப்படுத்தும் அளவு வலுவானதல்ல. கலம் எழும்பும் வாசலைச் சற்று ஏற்றும் அல்லது இறக்கும். இப்படிச் செய்தால் ஓட்டத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் இயக்கப் புறணியின் (உடலை அசைக்கும் மூளைப் பகுதியின்) எழுச்சித்திறன் மாறியே இருப்பதை ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்சே, பவுலஸ் என்ற ஆய்வாளர்கள் 2000இல் காட்டினார்கள். இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் அங்கிருந்து கிளைத்தவை.

முதியோரின் நடைக்கு இதைப் பயன்படுத்துவோர் குறிவைக்கும் இடங்களில் முக்கியமானது இடது முன்மடலின் மேல்வெளிப் பகுதி. கவனத்தைப் பங்கிடும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பாஸ்டனில் ஆய்வாளர் பிராட் மேனரும் சகாக்களும் அந்த இடத்தில் 20 நிமிடம் தூண்டிவிட்டு முதியவர்களைக் கணக்குச் செய்துகொண்டே நிற்கவும் நடக்கவும் வைத்தார்கள். இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யும்போது ஏற்படும் இழப்பு, போலித் தூண்டல் (தொடக்கத்தில் மட்டும் ஓட்டம் கொடுத்து நிறுத்திவிடுவது) கொடுத்த நாளைவிடக் குறைந்திருந்தது. வெறுமனே நடக்கும் நடையில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. அந்த ஆய்வுகள் சிறியவை. கலந்துகொண்டவர்கள் சில பத்துப் பேர்.

ஆக, இந்த அம்மாவின் நான்காவது வீழ்ச்சிக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும். முதல் மூன்றுக்கும் தலையில் எதை மாட்டினாலும் பயன் இல்லை. இதை மகனிடம் சொன்னோம். அவர் தலையாட்டினார். ஆனால் காணொளியில் பார்த்த கருவியை எதிரே மேசையில் வைத்துக்கொண்டு சொல்லும் எச்சரிக்கை அவ்வளவு தூரம் போவதில்லை.

அம்மாவின் பயம் வேறு. "கரண்டு வைப்பதென்றால் அங்கொடைக்குப் போகிறவர்களுக்கு வைப்பதுதானே?" என்று கேட்டார். அங்கொடை என்றால் அங்குள்ள மனநல வைத்தியசாலை. அதற்கு மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அம்மா நினைப்பது மயக்க மருந்து கொடுத்து, ஏறத்தாழ 800 மில்லியம்பியரில் வலிப்பை வரவழைக்கும் சிகிச்சை. அதற்குரிய நோயில் அது பலன் தருவதும்கூட. இது அதில் நானூறில் ஒரு பங்கு. விழித்துக்கொண்டே இருப்பீர்கள், பேசலாம், வேண்டாம் என்றால் உடனே கழற்றலாம். கடைசி வாக்கியத்தை அம்மா மனத்தில் எடுத்துக்கொண்டார் என்று நாங்கள் நினைத்தோம்.

எடுத்த முடிவுகள்

வலிப்பு நோய், தலைக்குள் உலோகம், இதயமுடுக்கி எதுவும் இல்லை என்று உறுதி செய்தோம். தமிழில் எழுதிய சம்மதப் படிவத்தைப் பேரன் வாசித்துக் காட்டினான். தூண்டலுக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்று தீர்மானித்தோம். உறுதியாகப் பலன் சொல்ல முடியாத ஒன்றுக்குப் பணம் வாங்குவது சரியில்லை என்பது எங்கள் இருவருக்கும் ஒத்த கருத்து. கிழமைக்கு ஐந்து நாளாகப் பத்து அமர்வு. ஒவ்வொன்றும் 2 மில்லியம்பியர், 20 நிமிடம். அனோட்டு (நேர் மின்வாய்) இடது முன்மடலில், கதோட்டு (எதிர் மின்வாய்) வலது புருவத்துக்கு மேலே. அதைத் தொடர்ந்து அரை மணி நேரம் சமநிலைப் பயிற்சி: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுதல், குதி உயர்த்தல், பக்கவாட்டில் நடத்தல், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து நிற்றல். நியூசிலாந்தின் ஒட்டாகோ பயிற்சித் திட்டத்திலிருந்து எடுத்தவை. முதியோரின் வீழ்ச்சியைக் குறைப்பதற்கு மிக வலுவான சான்று உள்ளவற்றில் அதுவும் ஒன்று.

அதே கிழமையில் மஞ்சள் மாத்திரையை நிறுத்தினோம். பி12 ஊசி தொடங்கியது. பிரஷர் மாத்திரையின் அளவைக் கிளினிக்கில் கடிதம் கொடுத்துக் குறைத்துக்கொண்டோம். விடியற்காலையில் எழுந்ததும் படுக்கையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நிற்கும்படி கற்றுக் கொடுத்தோம்.

எல்லாவற்றையும் ஒரே கிழமையில். ஏன்? மகனின் லீவு இரண்டு கிழமைதான். தோட்டத்துப் பஸ் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. அம்மாவை அழைத்து வந்து போக ஆள் வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு கிழமை காத்திருந்து பார்ப்போம் என்று நான் சொன்னேன். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. காத்திருந்தால் கருவியைப் பயன்படுத்தும் வாய்ப்பு போய்விடும் என்ற எண்ணம் மகனுக்கு மட்டும் இருந்ததல்ல.

அமர்வுகள்

முதல் நாள் கருவி ஓட மறுத்தது. மின்தடை கூடிவிட்டதாகத் திரை காட்டியது. காரணம் எளியது: வைத்தியரிடம் போவதென்று அம்மா தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். முடியை வகிர்ந்து தோலைச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்த பிறகுதான் தொடங்க முடிந்தது. மறுநாள் எண்ணெய் இல்லாமல் வந்தார். வழியில் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவருக்கு அது பெரிய குறையாக இருந்தது.

இரண்டு, மூன்றாம் நாட்கள் ஒழுங்காகப் போயின. எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றார். நான்காம் நாள் வழக்கத்தைவிட நன்றாக நடந்தார். பேசிக்கொண்டே நடக்கும் சோதனையில் அதுவரை இல்லாத நல்ல நேரம், 23 விநாடி. மகன் கொழும்பிலுள்ள முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லும் அளவுக்கு மகிழ்ந்தார். மாலையில் மருத்துவர் கருவியின் பதிவைப் பார்த்தபோது, அன்று தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள்ளேயே ஓட்டம் நின்றுவிட்டிருந்தது தெரிந்தது. பஞ்சு காய்ந்து மின்தடை ஏறியதும் கருவி தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. நேரம் காட்டும் எண் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆய்வுகளில் போலித் தூண்டல் கொடுப்பதும் இப்படித்தான்: தொடக்கத்தில் அரை நிமிடம் போலத் தோலில் ஊரும் உணர்வைக் கொடுத்துவிட்டு ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் திட்டமிடாமலே ஒரு போலி அமர்வை நடத்தியிருக்கிறோம். அதுவே அந்தக் கிழமையின் மிகச் சிறந்த நாள். ஒரு நாளை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் அதன் பிறகு எனக்கு அந்தக் கருவியை முன்புபோல் பார்க்க முடியவில்லை. மகனிடம் உண்மையைச் சொன்னோம். அவர் நம்பவில்லை, முந்தைய மூன்று நாள் ஏறிய மின்சாரத்தின் பலன் என்றார். அதை மறுக்கவும் எங்களிடம் ஒன்றும் இல்லை.

ஏழாம் நாள் பட்டியைக் கழற்றியபோது வலது புருவத்துக்கு மேலே ஐந்து ரூபாய்க் குற்றி அளவு தோல் சிவந்து, நடுவில் சிறு கொப்புளம் இருந்தது. அங்கே பஞ்சின் ஒரு மூலை காய்ந்து, ஓட்டம் முழுவதும் ஈரமாக இருந்த சின்ன இடத்தில் குவிந்திருக்கிறது. பத்தாவது நிமிடத்திலிருந்தே சுட்டதாக அம்மா சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கரண்டு என்றால் சுடத்தானே செய்யும், மிஸ். நீங்கள் எல்லாம் இவ்வளவு பாடுபடும்போது நான் எப்படி வேண்டாம் என்பது?" என்றார்.

நானும் லயத்தில் பிறந்தவள். மேலே இருப்பவரிடம் வலியைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் யாரும் கற்றுக்கொடுக்காமலே படிகிற பாடம். வேண்டாம் என்றால் கழற்றலாம் என்று ஒரு முறை சொன்னதை நாங்கள் அனுமதி என்று நினைத்தோம். அவருக்கு அது மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. தவறு பஞ்சில் மட்டும் இல்லை.

தூண்டலை அன்றோடு நிறுத்தினோம். காயம் ஆறிய பிறகு தொடரலாம் என்று மருத்துவர் சொன்னார். பயிற்சி மட்டும் போதும் என்று அம்மாவே கேட்டுக்கொண்டார். எங்களிடம் அவர் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அதுதான், அதுவும் நேரே என்னைப் பார்த்து, 'மிஸ்' இல்லாமல், 'பிள்ளை' என்று. காயம் பத்து நாளில் தழும்பில்லாமல் ஆறியது.

தொடர்ந்தவை

மகன் கொழும்புக்குத் திரும்பினார். பேரன் பொறுப்பெடுத்துக்கொண்டான். கிழமைக்கு மூன்று நாள் இஸ்தோப்புச் சுவரைப் பிடித்துப் பயிற்சி; செய்த நாளைக் கலண்டரில் அடையாளமிட்டான். நான் மாதம் ஒரு முறை போனேன். மலசலகூடத்துக்குப் போகும் ஆறு படிக்கும் குழாய்க் கைப்பிடி போட, தோட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பக்கத்துக் காம்பரா ஆண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்துக் கொடுத்தார்கள். புதுச் செருப்பு வந்தது, குதியில் பட்டி வைத்தது.

நான்காவது கிழமையில் எழுந்து நடக்கும் சோதனை 14 விநாடி. பேசிக்கொண்டே நடந்தால் 21. எட்டாவது கிழமையில் 13, 18. அதாவது, தூண்டலை நிறுத்திய பிறகும் முன்னேற்றம் தொடர்ந்தது. எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்குவது 10க்குள் வந்தது. ஆறு மாதத்தில் அறிதிறன் மதிப்பீடு 17லிருந்து 20. அதில் இரண்டாம் முறை செய்வதால் வரும் பழக்கம் எவ்வளவு, மஞ்சள் மாத்திரை போனது எவ்வளவு, பி12 எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. பானை கருகுவது நின்றுவிட்டது என்றார் மருமகள். அவருடைய அளவுகோலை நான் மதிக்கிறேன்.

விடியற்காலை வீழ்ச்சி மறுபடி நடக்கவில்லை. ஐந்தாம் மாதம் பகலில் ஒரு முறை மழை ஈரத்தில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார், அடிபடவில்லை.

லயத்துப் பெயர்ச் சோதனையின் கதையும் இந்த மாதங்களில்தான் வெளிவந்தது. அவர் எப்போதும் ஒரே இரண்டு இடத்தில் நின்றார். ஒரு நாள் காரணம் கேட்டேன். அந்த இரண்டு காம்பராவும் பூட்டிக் கிடக்கின்றன; ஒரு குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது, மற்றதில் ஆட்கள் திருவிழாவுக்கு மட்டும் வருகிறார்கள். அவர்களைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தாராம். கவனம் சிதறியதென்று நான் குறித்து வைத்தது அந்த யோசனையை. பிறகு சந்தையில் விற்கும் மரக்கறிகளின் பெயருக்கு மாற்றினேன். ஆனால் தொடக்க அளவு பழைய சோதனையில் எடுத்தது என்பதால் 31 என்ற எண்ணையும் 18 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மகிழ எனக்கு உரிமை இல்லை.

தபாலகப் பாதைக்கு நாங்கள் கடைசியில் கண்ட வழியில் மின்சாரம் இல்லை. யாராவது கூப்பிட்டால் முதலில் நில்லுங்கள், தடியை ஊன்றுங்கள், பிறகு பதில் சொல்லுங்கள், பேச்சு முடிந்த பிறகு நடங்கள் என்று பழக்கினோம். சுவீடனில் ஆபத்தின் அறிகுறியாகக் கண்ட அதே நிற்றலை நாங்கள் வேண்டுமென்றே கற்றுக் கொடுத்தோம். அம்மாவுக்கு இது பிடித்திருக்கிறது. நின்று பேசினால் பேச்சு நீளுகிறது. ஏழாம் மாதத்திலிருந்து கொடுப்பனவை அவரே போய் வாங்குகிறார், பேரன் பத்தடி பின்னால் வர.

மாற்றிச் செய்ய வேண்டியவை

விழுந்த நேரத்தை முதல் நாளே கேட்பேன். அது எனக்கு மூன்று கிழமை மிச்சப்படுத்தியிருக்கும். மாத்திரைகளைக் கொப்பியில் பார்க்காமல் பெட்டியோடு கொண்டுவரச் சொல்வேன், கடையில் வாங்கியவை உட்பட.

தொடக்க அளவுகளை ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு முறை எடுப்பேன். பிறகு மாத்திரையை நிறுத்துவது, அழுத்தத்தைச் சரிசெய்வது, இரண்டு கிழமை, மறுபடி அளப்பது. அதன் பின் பயிற்சி. அப்போதும் பேச்சோடு நடக்கும் குறை மட்டும் தங்கியிருந்தால்தான் தூண்டலைப் பற்றி யோசிப்பது. இரண்டு கிழமை லீவில் மகன் இழந்த கூலியும் பஸ் செலவும் சேர்ந்தால் அந்தக் கைப்பிடிக் குழாய்க்கு ஆன செலவைத் தாண்டும் என்று பிறகு கணக்குப் பார்த்தோம். குழாய் முதலில் வந்திருக்க வேண்டும்.

தூண்டல் கொடுப்பதானால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மின்தடை அளவைக் குறித்து, பஞ்சின் நான்கு மூலையையும் தொட்டுப் பார்த்து, ஊசிக் குழலால் சேலைன் விட வேண்டும். சுட்டால் சொல்லுங்கள் என்று கேட்டால் போதாது. முதல் அமர்விலேயே ஒரு முறை அவரையே கையை உயர்த்த வைத்து, உடனே ஓட்டத்தை நிறுத்திக் காட்ட வேண்டும். நிறுத்தினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

மருத்துவருக்கும் எனக்கும் இதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. போலி அமர்வுகளைத் திட்டமிட்டுக் கலந்து, ஒழுங்கான முறையில் இன்னும் சிலரிடம் செய்து பார்க்கலாம் என்கிறார் அவர். சமநிலைப் பயிற்சிக்கே ஆள் போதாத மாவட்டத்தில் அந்த நேரத்தை நான் வேறு இடத்தில் செலவிடுவேன். ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறோம்: வீட்டில் வைத்துப் பாவிக்க இணையத்தில் ஒரு கருவி வாங்கட்டுமா என்று மகன் கேட்டபோது வேண்டாம் என்றோம்.

அம்மாவின் வலது கண்ணுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. அதற்கு முந்தின கிழமையும், முடிந்து ஆறு கிழமை கழித்தும், மரக்கறிப் பெயர்களோடு அதே மூன்று மீற்றரை அளப்பதாக இருக்கிறேன். இடையில் வேறு எதையும் மாற்றாமல்.